குலுக்காத சொட்டு

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மாடியில் காயப்போட்டிருந்த வேர்க்கடலையை சுமதி தனியாகவே அள்ளி வந்து ஹாலில் கொட்டினாள். நான் ஒரு கூடைகூடத் தூக்கவில்லை. புருஷன் என்கிற பதவிக்கு அழகில்லைதான். வலது கண்ணைத் திறந்தால் குத்துகிறது, மூடினால் கனக்கிறது.

ஆரம்பித்தது போன ஞாயிறு, கீழ்பென்னாத்தூர் நிலத்தில். கடலை பிடுங்க ஆள் கம்மி என்று நானும் இறங்கினேன். செடியைப் பிடுங்கி மண் போக உதறும்போது ஏதோ ஒன்று சுரீரென்று கண்ணில் அடித்தது. காய்ந்த இலையோ, காம்போ. தொட்டித் தண்ணீரில் கழுவினேன். வேட்டி நுனியைச் சுருட்டி, வாயால் ஊதி, சூடாக ஒற்றினேன். மறுநாள் கண் சிவப்பு.

அம்மாவுக்குக் கோடையில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். அப்போது கொடுத்த சொட்டு மருந்து இன்னும் பிரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில். "அதையே போட்டுக்கடா. எனக்கு எப்படி சில்லுனு இருந்திச்சி தெரியுமா?" என்றாள். போட்டேன். நிஜமாகவே சில்லென்று இருந்தது. சிவப்பும் இறங்கியது. பள்ளிக்கூடம் போனேன், பாடம் எடுத்தேன், பரீட்சைத் தாள் திருத்தினேன். வெள்ளிக்கிழமை எல்லாம் திரும்பி வந்தது, வட்டியோடு.

இன்று கண்ணாடியில் பார்த்தால் கருவிழி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. நொய் அரிசி அளவு.

நாளைக்கு: கண் ஆஸ்பத்திரி. லீவு சொல்ல வேண்டும். கடலைக்குத் தார்ப்பாய். கேஸ் புக் செய்யணும்.

நவம்பர் 3, திங்கள்

இதை இடது கண்ணால் எழுதுகிறேன். எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது. பரவாயில்லை, நான் மட்டும்தான் படிக்கப் போகிறேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சு முழுக்க கட்டுப் போட்ட கண்கள். காதில் விழுந்தவை:

"நெல்லு சுணை பட்டுதுங்க. தாய்ப்பால் பீச்சி உட்டாங்க."

"வெளக்கெண்ணெய் வெச்சா குளிர்ச்சின்னு சொன்னாங்க."

"மெடிக்கல்ல கேட்டேன். குடுத்தான். போட்டேன்."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பாவம், படிக்காத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் என் முறை வந்தது.

டாக்டர் சின்ன வயசு அம்மா. விளக்கு போட்டுப் பார்த்தார். கேட்ட முதல் கேள்வி: "என்ன சொட்டு போட்டீங்க?" பாட்டிலைக் காட்டினேன். "யார் குடுத்தாங்க?" "அம்மாவுக்கு ஆபரேஷன்ல குடுத்தது." பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"சார், இது ஸ்டீராய்டு. கண்ணு சிவக்குது, வலிக்குதுன்னா உங்க உடம்பு உள்ள சண்டை போடுதுன்னு அர்த்தம். இந்த சொட்டு அந்த சண்டையை நிறுத்திடும். உங்களுக்கு சுகமா இருக்கும். உள்ள இருக்கிறதுக்கும் சுகமா இருக்கும்."

மரத்துப்போக மருந்து விட்டு, கருவிழியைச் சின்ன கத்தியால் சுரண்டினார்கள். வலி இல்லை, ஆனால் சுரண்டுவது தெரிகிறது. கத்தி வருவதைக் கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதை எழுத இஷ்டமில்லை.

சுரண்டியதைக் கண்ணாடித் தட்டில் தடவி லேபுக்கு எடுத்துப் போனார்கள். தாவரவியல் வாத்தியார் என்று சொல்லி, நானும் பார்க்கலாமா என்று கேட்டேன். லேப் அம்மா நகர்ந்து இடம் விட்டாள். இடது கண்ணை வைத்தேன்.

இழைகள். நிறமில்லாமல், நடுநடுவே தடுப்புச் சுவரோடு, கிளை பிரிந்து. பூஞ்சை. இருபது வருஷமாகக் கரும்பலகையில் நான் வரைகிற அதே படம். என் படத்தைவிட நன்றாக இருந்தது. அது என் கண்ணிலிருந்து வந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது. சுமதி பிடித்து உட்கார வைத்தாள்.

மருந்து: வெள்ளைச் சொட்டு ஒன்று, விழித்திருக்கும்வரை மணிக்கொரு தடவை. அடியில் மாவு மாதிரி தங்கிவிடும், நன்றாகக் குலுக்கிப் போடணும். எரியும். கண் பாப்பாவை விரிக்க இன்னொரு சொட்டு. வாரக் கணக்கில் ஆகும். கருவிழியைத் துளைத்து உள்ளே போய்விட்டால் கண்ணே எடுக்க வேண்டி வரலாம். டாக்டர் இதைச் சுமதியைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சுமதி அந்தப் பழைய பாட்டிலைக் குப்பையில் போட்டாள். அம்மா, "நல்ல மருந்தாச்சே, ஏன்?" என்றாள். "அது இனிமே வேணாம்மா. வேற குடுத்திருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். அதனால்தான் இப்படி ஆச்சு என்று சொல்ல சுமதி வாயெடுத்தாள். கண்ணைக் காட்டி நிறுத்திவிட்டேன், இருக்கிற ஒரு கண்ணால். எழுபது தாண்டியவள். பிள்ளை கண்ணை நான்தான் கெடுத்தேன் என்று அவள் எதற்கு உட்கார்ந்து அழணும்.

நவம்பர் 5, புதன். பௌர்ணமி

மேகமூட்டம். கிரிவலக் கூட்டம் சாயங்காலத்திலிருந்தே. பஸ் ஹாரன், ஊதுகுழல், "சுண்டல் சுண்டல்". நாங்கள் இந்த மாசம் போகவில்லை.

மாடியில் நின்று ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மலையைப் பார்ப்பது. இன்றைய மதிப்பெண்: மலை இருக்கிறது, ஓரம் இல்லை. வானம் எங்கே முடிகிறது, மலை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

படுத்துக்கொண்டே பாடம் ஓடுகிறது. ஐந்து மதிப்பெண் வினா: பூஞ்சை ஓம்புயிரைத் தாக்கும் விதத்தை விளக்குக.

1. ஒட்டுதல். 2. முளைத்தல். 3. துளைத்து நுழைதல்.

மூன்றுக்கும் மூன்று வரி எழுதினால் முழு மதிப்பெண் போட்டுவிடுவேன். இப்போது யோசித்தால் முதல் வரியிலேயே எத்தனை இருக்கிறது. பூஞ்சை வித்து எங்கே இல்லை? மண்ணில், கடலைக் கொடியில், நான் ஊதி ஒற்றிய வேட்டியில். தினமும் கண்ணில் விழுகிறது. இமை தட்டுகிறது, கண்ணீர் கழுவுகிறது, போய்விடுகிறது. வழுக்குகிற இடத்தில் அதனால் உட்கார முடியாது. மேல்தோல் கீறிவிட்டால் அடியில் இருக்கிற அடுக்கு வெளியே தெரிகிறது. வித்தின் மேலே பசைப் புரதங்கள். அவை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஒட்டிய பிறகு இமை எத்தனை தட்டினாலும் வராது. தண்ணீரைக் குடித்து உப்புகிறது, ஒரு முளை விடுகிறது. முளையின் நுனியில் புரதத்தைக் கரைக்கிற நொதி. கருவிழி என்பதே அடுக்கடுக்காகப் புரதம்தான். கரைத்துக்கொண்டு, அடுக்குக்கு இடையில் இழை இழையாக ஓடுகிறது. அதற்கு என்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. கடலைச் செடி என்றாலும் சரி, வாத்தியார் என்றாலும் சரி, அதற்குச் சாப்பாடு.

இதை இப்படி நடத்தியிருந்தால் பிள்ளைகள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

நவம்பர் 8, சனி

மழை இல்லை. கடலை மறுபடி மாடிக்கு.

வெள்ளைச் சொட்டு இமை மயிரில் காய்ந்து தயிர் ஆடை மாதிரி ஒட்டிக்கொள்கிறது. போடும்போதெல்லாம் மிளகாய்க் கையைக் கண்ணில் வைத்த எரிச்சல். பல்லைக் கடித்தாலும் சத்தம் வந்துவிடுகிறது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.

"நல்லா இருந்த கண்ண சுரண்டி உட்டுட்டு, எரியிற மருந்து வேற குடுத்துகிறாங்க. இன்னா டாக்டருங்களோ."

சுமதிக்குக் கூட்டுறவு பேங்க்கில் வேலை, லீவு முடிந்தது. திங்கள் முதல் பகலில் சொட்டு போடுவது அம்மா. சுமதி ஒருமுறை குலுக்கிக் காட்டினாள். "இப்படி, அத்தை." அம்மா, "ரெண்டு கண்ணு ஆபரேஷன் பாத்தவ நானு, எனக்கே சொல்றியா?" என்றாள்.

மலை: நேற்று போலத்தான்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். எரிச்சல் இல்லை!

நேற்று மத்தியானத்திலிருந்தே கம்மி. இன்று சுத்தமாக இல்லை. வெளிச்சத்தில் கூசுவதும் குறைந்திருக்கிறது. இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு கிடக்கிறேன், அம்மா வந்து கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விடுகிறாள். சில்லென்று இறங்குகிறது. சுமதி போட்டால் தலையணையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்குக் கைராசி. சுமதியிடம் சொன்னேன். "ஆமா, எங்க கை முள்ளு" என்று சிரித்தாள்.

மருந்து பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஸ்கூலிலிருந்து வேதியியல் வாத்தியார் போன். என் வகுப்பு இப்போது அவர் தலையில். "சார், பூஞ்சை நோய் பாடம் நிக்குது. நீங்களே செய்முறை விளக்கம் ஆயிட்டீங்க, பசங்கள வீட்டுக்கு அனுப்பட்டுமா?" சிரித்தேன். சிரித்து எத்தனை நாள் ஆச்சு. நெல் குலைநோய் பற்றிப் போனிலேயே சொன்னேன்: அந்த வித்து இலையில் பசை போட்டு ஒட்டிக்கொண்டு, உள்ளே அழுத்தம் ஏற்றி ஏற்றி, ஆணி அடிப்பது போல இலையைத் துளைக்கும் என்று. "அவ்ளோ சின்னதுக்கு அவ்ளோ பலமா?" என்றார்.

சாயங்காலம் அம்மா முருங்கைக்கீரை அடை. மூன்று சாப்பிட்டேன். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

மலை: பார்க்க மறந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

நவம்பர் 13, வியாழன்

செக்கப். சுமதி அரை நாள் லீவு.

"எப்படி இருக்கு சார்?" "சூப்பரா இருக்கு மேடம். வலியே இல்ல." டாக்டர் சிரிக்கவில்லை. விளக்கு போட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் இங்கிலீஷில் தாழ்ந்த குரல்.

புள்ளி பெரிதாகியிருக்கிறது. ஓரம் இறகு மாதிரி பிரிந்து பிரிந்து நாலா பக்கமும் ஓடியிருக்கிறதாம். ஆழமும் ஜாஸ்தி.

"வலி இல்லன்னு சொல்றீங்களே, அதுதான் எனக்கு பயமா இருக்கு. வேற ஏதாவது போட்டீங்களா?"

"இல்லைங்க."

"சத்தியமா?"

"மேடம், நான் வாத்தியார்" என்றேன் கொஞ்சம் சத்தமாக. சண்டைக்குப் போகிற குரல்தான் வந்தது.

பாட்டிலைக் கேட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மணிக்கொரு தடவை போட்டிருந்தா இது நேத்தே தீர்ந்திருக்கணும். இன்னும் கால் பாட்டில் இருக்கு."

எனக்கு எரிச்சல். வேலைக்குப் போகிற மனைவி, வயசான அம்மா, ஒன்றிரண்டு விட்டுப் போயிருக்கும், அதற்காக நோயாளியைத் திருடனைப் போலப் பார்ப்பதா? ஆட்டோவில் முழுக்கப் பொருமிக்கொண்டே வந்தேன். சுமதி என் கையைப் பிடித்திருந்தாள், அவள் கை ஜில்லென்று இருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன்.

காலை சுமதி வேலைக்குக் கிளம்பும் முன் சொட்டு போட்டாள். டக் டக் டக் என்று குலுக்கும் சத்தம். அப்புறம் எரிச்சல். எப்போதும் போல.

அவள் போனாள். கண்ணை மூடிப் படுத்திருந்தேன். அம்மாவின் காலடி, மூடி திறக்கிற சத்தம். அவ்வளவுதான். குலுக்குகிற சத்தம் இல்லை. சில்லென்று ஒரு சொட்டு.

இடது கண்ணைத் திறந்தேன். வெள்ளை பாட்டில் மேஜையில் வைத்த இடத்திலேயே இருந்தது. அம்மா கையில் வேறொன்று. குப்பையில் போட்ட அதே சொட்டு.

"ஏதும்மா இது?"

"ரெண்டாவது கண்ணுக்குன்னு தனியா குடுத்தாங்க இல்ல, அது. என் டப்பாவுல வெச்சிருந்தேன். உம் பொண்டாட்டி அதையும் தூக்கிப் போட்டுடுவான்னு சொல்லல." முகத்தில் குறும்பு, சின்னப் பிள்ளை மாதிரி. "நீ எரியிதுன்னு துடிக்கிறத பார்த்துகினு என்னால இருக்க முடியலடா. இப்ப நல்லாதானே இருக்கு?"

நான் என்ன சொல்லியிருக்கணும்? "ஆமாம்மா" என்றேன். "அதைக் குடு, நான் வெச்சிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன்.

"பத்திரமா வெய்யி. எதிர் வீட்டுக்காரம்மா கண்ணு உறுத்துதுன்னுச்சி. மருந்து உனக்கே கேட்டுச்சே, ஒரு சொட்டு குடுக்கறேன்னு சொல்லிகிறேன்."

பாத்ரூமில் போய் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுதேன். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அழுகைக்கு அது பொருந்துமா தெரியவில்லை.

சாயங்காலம் சுமதியிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அத்தைய ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவங்களுக்கு என்ன தெரியும், யார் சொன்னாங்க? ஊர் பிள்ளைங்களுக்கெல்லாம் பாடம் நடத்துறீங்க. பெத்தவங்ககிட்ட அஞ்சு நிமிஷம் உக்காந்து சொல்ல முடியல உங்களால. மனசு நோவும்னு மூடி வெச்சீங்க. இப்ப எது நோவுது?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

நவம்பர் 15, சனி

மழை, விடாமல். ஆஸ்பத்திரி. டாக்டரிடம் எல்லாம் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். "உங்க வீட்ல மட்டும் இல்ல சார், நிறைய வீட்ல பிரிட்ஜ்ல இருக்கு" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுபடி சுரண்டல். அப்புறம் கருவிழி அடுக்குக்குள்ளேயே மருந்து ஊசி. எழுதவில்லை.

"இப்போதைக்குக் கண்ணைக் காப்பாத்தறதுதான் வேலை. பார்வையைப் பத்தி அப்புறம் பேசலாம்." இந்த முறை என்னைப் பார்த்தே சொன்னார்.

மலை: பார்க்கவில்லை. மழையில் யாருக்குமே தெரியாது என்று சமாதானம்.

நவம்பர் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மழையில் நனைந்த கடலை மூட்டையை ஹாலில் பிரித்துக் கொட்டி அம்மா பொறுக்கிக்கொண்டிருந்தாள். நல்லது ஒரு முறம், சொத்தை ஒரு முறம். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பாடத்திட்டம் ஒன்றும் தயார் செய்துகொள்ளவில்லை.

ஒரு காயை உடைத்தாள். பருப்பு மேலே வெள்ளையாகப் பூசணம். கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள். போகவில்லை.

"பாரு, மேல துடைச்சா போயிடும்னு பார்த்தா உள்ள எறங்கிகிது."

"அம்மா, என் கண்ணுல இருக்கிறது இதான்."

"எது?"

"இந்தப் பூசணம். செடிய உதறும்போது கண்ணுல கீறல் பட்டுது இல்ல, அதுல ஒட்டிக்கிச்சு. முளைச்சு, வேர் உட்டு, உள்ள போயிகினு இருக்கு."

நகத்தைப் பார்த்தாள், என் கண்ணைப் பார்த்தாள். "கண்ணுலயா? ஈரம் இருந்தா எங்க வேணா வரும்தான்." கடலை போட்டு வளர்ந்தவள். கொடியின் அடித்தண்டில் வெள்ளைநூல் சுற்றினால் அந்தச் செடியோடு நிற்காது, சுற்றிலும் போகும் என்று அவளுக்குத் தெரியும். நான் எந்த இங்கிலீஷ் வார்த்தையும் தேட வேண்டியிருக்கவில்லை.

"உடம்பு அதோட சண்டை போடும். அதான் செவப்பு, அதான் வலி. வெள்ளை மருந்து அதைக் கொல்லும். எரியும். உன் சொட்டு உடம்பு போடுற சண்டையை நிறுத்திடும். வலி போயிடும். பூசணம் நிம்மதியா வளரும். உனக்கு ஆபரேஷன் பண்ண கண்ணுக்கு அது நல்ல மருந்துதான். இந்தக் கண்ணுக்கு ஆவாது."

கை அப்படியே நின்றுவிட்டது. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நான் அதுக்குத் தண்ணி ஊத்திகினு இருந்தேனா?"

இல்லை என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. போன தடவை இப்படித்தான் வந்தது. "ஆமாம்மா" என்றேன். "நான் உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல."

சொத்தை முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கொல்லையில் கொட்டுகிற சத்தம். அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. போய்ப் பார்க்க தைரியம் வரவில்லை. சுமதிதான் போனாள்.

நவம்பர் 17, திங்கள்

மூட்டம். அம்மா நேற்று சாப்பிடவில்லை. இன்று காலை காபி மட்டும்.

சுமதி பேங்க்கை மறந்துவிட்டு எனக்குச் சொட்டு போட வீட்டிலேயே நிற்பதாகச் சொன்னாள். அம்மா, "நீ போ. நான் போடறேன்" என்றாள். சுமதி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அம்மா பாட்டிலை எடுத்தாள். குலுக்கினாள். டக் டக் டக் டக். கை ஓய்கிற வரைக்கும் குலுக்கினாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, என் இடது கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"பாரு. வெள்ளையா?"

"வெள்ளைம்மா."

அப்புறம்தான் போட்டாள். எரிந்தது. நான் முகத்தைச் சுளித்தேன். அவள் முகம் என்னைவிடச் சுளித்தது. ஆனால் இமையை விடவில்லை. ஒவ்வொரு தடவையும் இதே சடங்கு. பாதி மருந்து உள்ளங்கையிலேயே போய்விடும் போலிருக்கிறது. போகட்டும்.

மத்தியானம் ஜன்னல் வழியாக அவள் குரல், எதிர் வீட்டு வாசலில்:

"அந்த சொட்டு உனக்கு வேணாம்மா. தப்பு. எம் புள்ள கண்ணு அதாலதான் கெட்டுச்சி. நான்தான் போட்டேன். நீ ஆஸ்பத்திரிக்கு போ, இன்னிக்கே போ."

தெருவே கேட்கும்படி சொன்னாள். அடுத்த வீட்டிலும் சொன்னாள். எதற்கு அத்தனை பேரிடமும் என்று ஜன்னலைச் சாத்தப் போனேன், சாத்தவில்லை. நான் ஒரு ஆளிடம் சொல்ல இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 20, வியாழன்

இரண்டாவது ஊசி. ஆட்டோக்காரர் காசு திருப்பிக் கொடுக்கும்போது, "சார், கூலிங் கிளாஸ் நல்லா இருக்கு, சினிமாக்காரர் மாதிரி" என்றார். நன்றி சொன்னேன்.

அம்மா இப்போது சாப்பிடுகிறாள். என்னோடு கூடப் பேசுகிறாள், ஆனால் கண்ணைப் பார்க்காமல். கோபமா என்று கேட்டேன். "உம் மேல இன்னா கோவம்" என்றாள். வார்த்தை அப்படித்தான் இருந்தது. குரலில் கொஞ்சம் இருந்தது. இருக்கட்டும், நியாயம்தான்.

நவம்பர் 24, திங்கள்

கொடியேற்றம். விடியற்காலையிலிருந்து வேட்டுச் சத்தம். தெருவில் செருப்பில்லாத கால்கள். ஊரே வேறு முகம். எங்கள் மூன்று பேர் முகம் ஆஸ்பத்திரி பக்கம்.

டாக்டர் பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஓரம் அடங்கிடுச்சு. இறகு மாதிரி இருந்தது இல்ல, அது இல்ல. ஆழமும் நின்னுடுச்சு. துளைக்கல."

கண் தங்கிவிட்டது. சுமதி டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு அப்புறம் இன்னொரு பாதி இருந்தது. தழும்பு நடுவிலேயே விழுகிறது. வெள்ளையாக நிற்கும். வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. மருந்தெல்லாம் முடிந்து கண் அமைதியான பிறகு, மாதங்கள் கழித்து, வேறொருவர் கருவிழி கிடைத்தால் மாற்றிப் பார்க்கலாம். நிச்சயம் இல்லை.

அந்தச் சொட்டு முதல் தடவையோடு நின்றிருந்தால் தழும்பு சின்னதாக இருந்திருக்குமா என்று கேட்க நினைத்தேன். அம்மா பக்கத்தில் இருந்தாள். கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவளே கேட்டாள், என்னிடம்.

"நான் போடாம இருந்திருந்தா?"

"தெரியலம்மா. நானும்தான் முதல்ல போட்டுகினேன். கம்மியா இருந்திருக்கலாம்."

"ம்" என்றாள். பொய் சொல்லாததற்கு ஒரு ம். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

குளிர். மாடிப் பரீட்சை. இடது கண்ணைப் பொத்தினால் வெள்ளை வேட்டியை முகத்தில் போட்டுக்கொண்டு பார்ப்பது போல. மலை இருக்கிற பக்கம் கொஞ்சம் கருமை, வானம் இருக்கிற பக்கம் கொஞ்சம் வெளுப்பு. பெயில்.

திங்கள் முதல் பள்ளிக்கூடம் போகலாமாம். கரும்பலகையில் அந்தப் படத்தை வரையணும். கை தயங்குமா?

தீபத்துக்கு சுமதியின் அண்ணன் குடும்பம் வருவதாக இருந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வாங்க வேண்டியது: அகல், எண்ணெய், திரி. எனக்கு வெள்ளைச் சொட்டு இன்னொரு பாட்டில்.

டிசம்பர் 3, புதன். தீபம்

மழை விலகியிருந்தது. எல்லா மொட்டை மாடியிலும் ஜனம். நாங்கள் மூன்று பேர். அம்மா படியேற மாட்டாள் என்று நினைத்தோம், முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்துவிட்டாள். ஐந்து மணிச் சொட்டைப் போட்டுவிட்டுத்தான் வந்தாள். உள்ளங்கையில் இன்னும் வெள்ளை காய்ந்திருந்தது.

இருட்டியது. ஆறு மணிக்கு ஊர் மொத்தமும் ஒரே குரலில் அரோகரா. இரண்டு கண்ணாலும் பார்த்தேன். உச்சியில் நெருப்பு. எத்தனை வருஷம் பார்த்தாலும் நெஞ்சு ஒரு குதி குதிக்கிறது. சுமதி கும்பிட்டுக்கொண்டே அழுதாள்.

அப்புறம் இடது கண்ணைப் பொத்திக்கொண்டேன்.

வெளிச்சம் இருந்தது. நிறைய. தெருவிளக்கு, லாட்ஜ் மேலே போட்டிருந்த சீரியல் பல்பு, அகல்கள், எல்லாம் கரைந்து ஒரே மஞ்சள். அதில் எது எது என்று தெரியவில்லை. மேல் பக்கத்தில் ஒன்று கொஞ்சம் கெட்டியாக.

அம்மா மலையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாள் கழித்து, நேராகக் கண்ணை.

"தெரியுதா?"

"தெரியுதும்மா."

"எங்க, காட்டு."

கையை நீட்டிக் காட்டினேன்.

அம்மா என் விரலைப் பிடித்து, கொஞ்சம் இடது பக்கமாக நகர்த்தி வைத்தாள்.